மீன் வண்டியில் துருவும் ஒழுக்கும்: கோட்டிங் கடைசியில்தான்

கேள்வி: நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சாவூர், திருச்சி மார்க்கெட்டுகளுக்கு மீன் ஏற்றும் 2012 மாடல் பிக்கப் வைத்திருக்கிறேன். மழை பெய்தால் டிரைவர் காலடி நனைந்துவிடுகிறது. வண்டி ஓடாமல் நின்றிருந்தாலும் நனைகிறது. இரண்டு கதவிலும் அடிப்பக்கம் பெயிண்ட் கொப்புளித்திருக்கிறது. பின்பக்கக் கிராஸ் மெம்பரில் (சேஸின் இரண்டு பக்கத்தையும் இணைக்கும் குறுக்குச் சட்டம்) துரு ஓடு ஓடாக உதிர்கிறது. ஒரு மெக்கானிக், பழைய என்ஜின் ஆயிலை அடியில் அடிக்கச் சொல்கிறார். இன்னொருவர், ரப்பர் கோட்டிங் போட்டுவிட்டால் பத்து வருஷத்துக்குக் கவலையில்லை என்கிறார். எதைச் செய்வது? வண்டி அந்தச் செலவைத் தாங்குமா, விற்றுவிடலாமா?

பதில்: கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குவோம். அதற்கு விடை தெரியாமல் மற்றதற்குப் பணம் போடக்கூடாது. பொலேரோ பிக்கப் மாதிரி தனிச் சேஸின் (அடிச்சட்டம்) மேல் கேபினும் பாடியும் உட்காரும் வண்டிகளில் கதவு, தரை, மட்கார்டு எல்லாம் மாற்றக்கூடியவை. சேஸ் போனால் வண்டி போனதுதான். அரைக் கிலோ சுத்தியலும் முனை கூராத ஸ்க்ரூ டிரைவரும் எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் படுங்கள். பின்பட்டைகள் (லீஃப் ஸ்பிரிங்) தொங்கும் பிராக்கெட் சேஸோடு சேரும் இடம், ஸ்டியரிங் பாக்ஸ் பிடித்திருக்கும் இடம், கேபின் ரப்பர் உட்காரும் கைகள், கிராஸ் மெம்பர் சேஸில் முட்டும் மூலைகள் ஆகியவற்றைத் தட்டிப் பாருங்கள். நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும். உள்ளே தின்றுபோன இரும்பு சொத்தையாக, அடைத்த சத்தம் தரும். சத்தம் மாறும் இடத்தில் ஸ்க்ரூ டிரைவரை வைத்து அழுத்துங்கள். பட்டை பிராக்கெட்டிலோ ஸ்டியரிங் பக்கத்திலோ அது உள்ளே இறங்கினால் கோட்டிங் பேச்சே வேண்டாம். சேஸ் வேலை தெரிந்த பாடி பில்டரிடம் காட்டி, அந்த விலைக்கு வண்டி தகுமா என்று கணக்குப் பாருங்கள். பின் கிராஸ் மெம்பர் மட்டும் போயிருந்தால் பயப்பட வேண்டாம். அதை வெட்டிப் புதிதாக வைக்கலாம். மேல் ஓடு உதிர்ந்தபின் உள்ளே கெட்டியான இரும்பு தெரிந்தால் வண்டி இன்னும் ஓடும்.

ஓடு ஓடாக உதிர்வதைப் பார்த்து இரும்பு முழுக்கப் போய்விட்டது என்று முடிவு கட்டாதீர்கள். துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைக்கும். அதனால் 1 மில்லி மீட்டர் இரும்பு போனாலும் கை நிறைய ஓடு வரும். இதே காரணத்தால் இரண்டு தகடு சேரும் இடுக்கில் துரு வளர்ந்தால் தகடுகளை நெம்பிப் பிரித்தும் விடும்.

இப்போது இரண்டு மெக்கானிக்குகளுக்கும் வருவோம். ரப்பர் கோட்டிங் கெட்டதில்லை, புது வண்டிக்கு நல்லது. 2012 வண்டியில், உப்பும் துருவும் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கும் இரும்பின்மேல் அதை அடித்தால், ஈரத்தை உள்ளே வைத்துப் பூட்டியதாகத்தான் ஆகும். கோட்டிங் காய்ந்து ஓரங்களில் கிளம்பும், அந்த இடுக்கில் தண்ணீர் ஏறும், ஏறியது வெளியே வராது. மேலே கறுப்பாக, அழகாக இருக்கும். உள்ளே என்ன நடக்கிறது என்று சுத்தியல் சத்தத்திலும் தெரியாது. பழைய ஆயில் கொஞ்ச நாள் ஒரு படலமாக நிற்பது உண்மைதான், அதனால்தான் அந்த வழக்கம் இத்தனை காலம் நிற்கிறது. ஆனால் எரிந்த ஆயிலில் அமிலங்கள் இருக்கும். ரப்பர் புஷ்ஷும் பிரேக் ஹோஸும் ஊறிக் கெடும். பிரேக் டிரம் பக்கம் வழிந்தால் ஆபத்து. மண் அப்பி ஈரம் பிடிக்கும். அதைவிடப் பெரிய தொல்லை, ஆயில் பட்ட இரும்பில் பின்னால் எந்த பிரைமரும் ஒழுங்காகப் பிடிக்காது. கழிவு ஆயில் சட்டப்படி அபாயகரக் கழிவு என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஒழுக்கை முதலில் நிறுத்துங்கள். நின்ற வண்டியிலும் காலடி நனைகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒரு வரி பாதி வேலையை முடித்துவிட்டது. ஓடும்போது மட்டும் நனைந்தால் சக்கரம் அடிக்கும் தண்ணீர் தரை ஓட்டை அடைப்பான்கள் வழியாக ஏறுகிறது என்று பொருள். நின்றபோதும் நனைந்தால் தண்ணீர் மேலிருந்து வருகிறது. சந்தேகப் பட்டியலில் முதலில் நிற்பது வைப்பருக்குக் கீழே உள்ள காற்றுப் பெட்டி. கண்ணாடியில் வழியும் மழை பானெட்டுக்கும் கண்ணாடிக்கும் நடுவே உள்ள சல்லடைத் திறப்பில் இறங்கி, இரண்டு ஓரத்திலும் உள்ள வடிகால் வழியாக முன் மட்கார்டுக்குள் வெளியேற வேண்டும். மரத்தடியில் நிறுத்தும் வண்டியில் வேப்பிலையும் புளிய இலையும் அங்கே மக்கிச் சேறாகிவிடும். வடிகால் அடைத்தால் மட்டம் உயர்ந்து, காற்று உள்ளே வரும் வழியாகத் தண்ணீர் காலடிக்கு இறங்கும்.

சோதனை எளிது. வைப்பர் கைகளைக் கழற்றி மேல் மூடியை எடுங்கள். ஒரு வாளித் தண்ணீரை மெதுவாக ஊற்றிவிட்டு முன் சக்கரத்துக்குப் பின்னால் பாருங்கள். இரண்டு பக்கமும் உடனே சலசலவென்று கொட்ட வேண்டும். ஒரு பக்கம் சொட்டுச் சொட்டாக வந்தால் அங்கேதான் அடைப்பு. கையால் சேற்றை வாரியபின், முனை மழுங்கிய கெட்டி நைலான் கயிற்றை விட்டு ஆட்டுங்கள். கம்பி விட்டால் உள்ளே இருக்கும் பெயிண்ட் கீறி, அடுத்த துரு அங்கேயே தொடங்கும்.

இது சரியாக இருந்தும் நனைந்தால் கால் மேட்டையும் அதற்கு அடியில் உள்ள சணல் மெத்தையையும் வெளியே எடுத்துவிடுங்கள். அந்த மெத்தை ஒரு மழைக்கு நனைந்தால் வாரக்கணக்கில் காயாது; தரை உள்ளிருந்து பொத்துப்போவதற்கு அதுவே காரணம். என்ஜின் பக்கத் தடுப்புத் தகடு துடைத்துக் காய்ந்தபின் அதன்மேல் டால்கம் பவுடர் தூவுங்கள். ஒருவர் டார்ச்சோடு உள்ளே உட்காரட்டும், இன்னொருவர் வெளியே சாதாரண ஹோஸில் வேகமில்லாமல் தண்ணீர் விடட்டும். கீழிருந்து மேலாகப் போக வேண்டும்: முதலில் கதவின் அடி, பிறகு காற்றுப் பெட்டி, பிறகு கண்ணாடியின் கீழ் மூலைகள், கடைசியில் கூரை. ஒவ்வொரு இடத்திலும் 3 முதல் 5 நிமிடம். மேலிருந்து தொடங்கினால் எல்லாம் ஒன்றாக நனைந்து, எங்கே நுழைந்தது என்று பிடிபடாது. பிரஷர் வாஷர் வேண்டாம். மழை நுழையாத இடத்திலும் அது தண்ணீரை நுழைத்துக் காட்டும். பவுடரில் விழும் கோட்டைப் பிடித்து மேலே போனால் ஒயரிங் கட்டு நுழையும் ரப்பர் வளையமோ, ஸ்டியரிங் தண்டின் ரப்பர் உறையோ, கண்ணாடி மூலையோ மாட்டும்.

ரப்பர் வளையம் கெட்டிருந்தால் புதிது போடுங்கள். அதைச் சுற்றி சிலிக்கான் பூசுவது வழக்கமாகிவிட்டது. அதில் ஒரு வினை இருக்கிறது: கடையில் மலிவாகக் கிடைக்கும், வினிகர் வாசனை வீசும் சிலிக்கான் உலரும்போது அசிட்டிக் அமிலத்தை விடும், பெயிண்ட் இல்லாத இரும்பில் அது நேராகத் துருவைத் தொடங்கிவைக்கும். பி.யூ. (பாலியூரித்தேன்) சீலன்ட் அல்லது நியூட்ரல் வகைச் சிலிக்கான் என்று கேட்டு வாங்குங்கள்.

முன் கண்ணாடி ரப்பர் பீடிங்கில் உட்கார்ந்திருந்து மூலையில் ஒழுகினால், பெரும்பாலும் பீடிங்குக்கு அடியில் இருக்கும் தகட்டு விளிம்புதான் துருப்பிடித்து வீங்கியிருக்கும். மேலே எதைப் பூசினாலும் அது நிற்காது. கண்ணாடியை இறக்கி, விளிம்பைத் தேய்த்து, எபாக்சி பிரைமரும் பெயிண்டும் கொடுத்து முழுதாக உலரவிட்டு, புது பீடிங்கில் கயிறு கோத்து ஏற்ற வேண்டும். பழைய கண்ணாடி இறக்கும்போது விரியலாம். யார் பொறுப்பு என்பதை வேலை தொடங்கும் முன்பே பேசிக்கொள்ளுங்கள். கூரையில் சன் வைசர், எல்.இ.டி. விளக்கு, கேரியர் என்று யாராவது ஸ்க்ரூ அடித்திருந்தால் ஒவ்வொரு ஓட்டையையும் கழற்றி, ஓரத்தில் பிரைமர் தொட்டு, சீலன்டோடு திரும்ப முறுக்குங்கள். தேவையில்லாததைக் கழற்றிப் போடுவது இன்னும் நல்லது.

கதவுகள். கண்ணாடி ஏறி இறங்கும் இடுக்கு வழியாகக் கதவுக்குள் தண்ணீர் போகத்தான் செய்யும், அப்படித்தான் அதன் அமைப்பு. அடியில் உள்ள சிறு துளைகள் வழியாக அது வெளியேற வேண்டும். மண் அடைத்தோ, டிங்கரிங் செய்தவர் பட்டியும் பெயிண்டும் போட்டு மூடியோ இருந்தால் கதவு தொட்டியாகிவிடும். கதவை வேகமாக ஆட்டிப் பாருங்கள். உள்ளே தண்ணீர் தளும்பும் சத்தம் கேட்டால் சந்தேகமே வேண்டாம். கண்ணாடி மெஷின் ரிப்பேருக்காகத் திறந்தபோது உள்பலகைக்குப் பின்னால் இருக்கும் பிளாஸ்டிக் ஷீட்டைக் கிழித்துவிட்டும் போயிருப்பார்கள். கதவுக்குள் வழியும் நீரைக் கேபினுக்குள் விடாமல் தடுப்பது அந்த ஷீட்தான். கெட்டி பாலித்தீன் ஷீட்டை அளவாக வெட்டி, பியூட்டைல் டேப்பில் ஒட்டுங்கள். கீழ் ஓரம் கதவுத் தகடுகளுக்கு நடுவே உள்ள குழிக்குள் மடங்கி இறங்க வேண்டும்.

நீங்கள் சொல்லும் கொப்புளம் வெளியில் தொடங்கியதில்லை. வெளித்தகடு உள்தகட்டின்மேல் மடிந்து அமுங்கும் ஓரத்தில் தங்கிய நீர், உள்ளிருந்து வெளியே தின்றுகொண்டு வருகிறது. வெளியே தேய்த்துப் பட்டி பார்த்துப் பெயிண்ட் அடித்தால் ஒரு மழைக்காலம் தாங்கும், அவ்வளவுதான். உள்பலகையைக் கழற்றி, மடிப்பு ஓரத்தைக் கழுவி, காயவைத்து, அங்கே கேவிட்டி வாக்ஸ் (மூடிய குழிகளுக்குள் அடிக்கும் துருத்தடுப்பு மெழுகு) ஓடவிட்ட பிறகுதான் வெளிப்பக்கத்தைத் தொட வேண்டும். விரலால் அழுத்தினால் தகடு நெளிகிறது என்றால் அந்தக் கீழ்ப்பட்டையை வெட்டிப் புதுத் தகடு வைப்பதே வழி. எம்சீல் வைத்து அடைப்பது விற்பதற்கான வேலை.

இனி அடிப்பக்கம். உங்கள் வண்டியின் உண்மையான எதிரி மழையில்லை, மீன் தண்ணீர். கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. மீனோடும் பெட்டியோடும் வரும் அந்த உப்பு ஐஸ் உருகிய தண்ணீரில் கலந்து பாடித் தரையின் இடுக்குகள் வழியாக நேராகச் சேஸில் சொட்டுகிறது. சமையல் உப்பு, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் தானாகவே நீரை இழுத்துக் கரையும். கடலுப்பில் உள்ள மெக்னீசியம் குளோரைடுக்கு 33 சதவீதமே போதும். நாகப்பட்டினத்தில் ராத்திரி ஈரப்பதம் எங்கே நிற்கும் என்று உங்களுக்குத் தெரியும். அதாவது, உப்பு ஏறிய சேஸ் கூரைக்குக் கீழே நின்றாலும் காய்வதே இல்லை.

ஆகவே, பெயிண்ட் டப்பா வாங்குவதற்கு முன்னால் வெல்டரிடம் போங்கள். பாடித் தரையில் தண்ணீர் எங்கே தேங்குகிறது என்று பார்த்து, பின் மூலைகளில் ஒன்றேகால் அங்குலக் குழாய் இரண்டு வைக்கச் சொல்லுங்கள். குழாயின் வாய் சேஸுக்கும் பட்டைக்கும் பிரேக் பைப்புக்கும் மேலே இருக்கக்கூடாது, வெளிப்பக்கமாக இருக்க வேண்டும். குழாயில் ரப்பர் ஹோஸ் மாட்டி 20 லிட்டர் கேனில் விடுங்கள். ரோட்டில் மீன் தண்ணீர் ஒழுகவிட்டுப் போவது பின்னால் வரும் டூவீலர்காரரை வழுக்கி விழவைக்கும் என்பது தனிக் காரணம். தரைத் தகட்டின் மற்ற இடுக்குகளை பி.யூ. சீலன்டால் அடைத்துவிடலாம். தரையில் அலுமினியம் செக்கர் ஷீட் போட்டிருந்தால் ஓர் ஓரத்தைத் தூக்கிப் பாருங்கள். கீழே உப்புச் சேறு தங்கி இரும்புத் தரை தின்றுபோயிருக்கும், அலுமினியமும் வெள்ளைப் பொடியாக உதிர்ந்திருக்கும். நடுவே ரப்பர் ஷீட் வைத்து, ஓரம் முழுக்க சீல் செய்தால் ஒழிய அது வேண்டாம். பாடிக்கும் சேஸுக்கும் இடையே மரக்கட்டை வைத்திருந்தால், உப்பில் ஊறிய அந்தக் கட்டையை எடுத்துவிட்டுக் கெட்டி ரப்பர் பட்டை வையுங்கள்.

பெட்டிகளையும் தரையையும் நாற்றம் போக பிளீச்சிங் பவுடரில் கழுவுவீர்கள் என்றால், பெட்டிகளைக் கீழே இறக்கி வைத்துக் கழுவுங்கள். வண்டியிலேயே ஊற்றினால் அந்தக் குளோரின் உப்பைவிட மோசமாக இரும்பைத் தின்னும். தரைக்குச் சாதாரண சோப்புத் தூள் போதும்.

துரு நீக்கும் வேலையை இப்படிச் செய்யுங்கள். வாட்டர் சர்வீஸில் அடியை நன்றாகக் கழுவி, மறுநாள் மீண்டும் ஒருமுறை கழுவச் சொல்லுங்கள்; இடுக்கில் காய்ந்த உப்பு ஒரு கழுவலில் போகாது. இரண்டு நாள் வெயிலில் காய விடுங்கள். துரு ஓடுகளைச் சுத்தியலாலும் சுரண்டியாலும் தட்டி எடுத்து, கிரைண்டரில் ஒயர் பிரஷ் போட்டுத் தேயுங்கள். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி கண்டிப்பாகப் போட வேண்டும், பிரஷ் கம்பி பறந்து வரும். தேய்த்தபின் துருக்குழிகளுக்குள் உப்பு இருக்கும் என்பதால் நல்ல தண்ணீரில் மூன்றாம் முறை கழுவி, கம்ப்ரசர் காற்று அடித்து உலர்த்துங்கள். இந்த மூன்றாம் கழுவலைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். பெயிண்டுக்கு அடியில் உப்பு இருந்தால் அது படலத்தின் வழியாகவே ஈரத்தை உறிஞ்சிக் கொப்புளம் தள்ளும், எத்தனை விலை பெயிண்டாக இருந்தாலும்.

இறுகப் பிடித்த மெல்லிய துரு மிஞ்சினால் ரஸ்ட் கன்வர்ட்டர் (துருவை இறுகிய படலமாக மாற்றும் திரவம்) தடவலாம். உதிரும் ஓட்டின்மேலும் பளபளக்கும் சுத்த இரும்பின்மேலும் அதற்கு வேலையில்லை. டப்பாவில் சொன்ன நேரம் விட்டு, சொன்னபடி துடையுங்கள், இடுக்குகளில் தேங்கவிடாதீர்கள். அதன்மேல் இரண்டு டப்பா கலக்கும் எபாக்சி பிரைமர் இரண்டு கோட்டு. சேஸுக்கும் கிராஸ் மெம்பர்களுக்கும் சேர்த்துக் கலவையாக 2 லிட்டர் போதும். வெல்டிங் ஓரங்களிலும் போல்ட் தலைகளிலும் முதலில் பிரஷால் பிரைமர் தடவிவிட்டுப் பிறகு ஸ்ப்ரே அடிக்கச் சொல்லுங்கள். ஸ்ப்ரே கூரான ஓரத்தில் மெல்லியதாகத்தான் நிற்கும். வெறும் ரெட் ஆக்சைடு அடித்து விட்டுவிட வேண்டாம், உப்புத் தண்ணீருக்கு அது தாங்காது. பிரைமருக்கு மேல் சேஸ் பிளாக் ஒரு கோட்டு. இத்தனைக்கும் பிறகு சக்கர வளைவுகளில் மட்டும், கல் அடிபடும் இடம் என்பதால், அந்த ரப்பர் கோட்டிங்கை அடித்துக்கொள்ளலாம்.

சேஸ் பெட்டிபோல மூடிய இடங்களில் துரு உள்ளிருந்துதான் வரும். அங்கே கேவிட்டி வாக்ஸ். ஏற்கெனவே இருக்கும் துளைகள் வழியாக நீள ஹோஸ் விட்டு, பின்னுக்கு இழுத்துக்கொண்டே அடிக்க வேண்டும். சேஸ், கதவுகள், கேபின் படிக்கட்டுப் பகுதி எல்லாவற்றுக்கும் 2 முதல் 3 லிட்டர் பிடிக்கும். சேஸில் புதுத் துளை போடவே கூடாது. சைலன்சர், பிரேக் டிரம், ரப்பர் ஹோஸ்களை மூடிவிட்டு அடியுங்கள். மறுநாள் எல்லா வடிகால் துளைகளிலும் குச்சி விட்டுத் திறந்துவிடுங்கள். வாக்ஸே அடைத்துக்கொண்டால் பட்டபாடு வீண்.

சேஸ் நம்பர் பொறித்த இடத்தில் கிரைண்டர் படக்கூடாது. வண்டிக்கு 8 வருஷம் தாண்டிவிட்டதால் ஆண்டுதோறும் எஃப்.சி. (தகுதிச் சான்று) எடுக்க வேண்டும், அங்கே நம்பரைப் பார்ப்பார்கள். எழுத்து மழுங்கினால் நம்பரைத் திருத்தினீர்களா என்று கேள்வி வரும். கை பிரஷால் மெதுவாகத் தேய்த்து, கெட்டிப் பெயிண்ட் அடிக்காமல் கிரீஸ் தடவி வையுங்கள்.

கிராஸ் மெம்பருக்கு வெல்டிங் வைக்கும்போது பேட்டரியின் இரண்டு முனையையும், என்ஜின் கம்ப்யூட்டர் இருந்தால் அதன் கனெக்டரையும் கழற்றச் சொல்லுங்கள். எர்த் கிளிப்பை வெல்டிங் செய்யும் இடத்துக்குப் பக்கத்திலேயே பிடிக்க வேண்டும். டீசல் டேங்க் பக்கம் என்றால் டேங்கை இறக்கிவிட வேண்டும். அடியில் இருக்கும்போதே பிரேக் பைப்புகளைக் கிளிப் பிடித்த இடங்களில் கிளிப்பை நகர்த்திப் பாருங்கள். உப்பு அங்கேதான் தங்கும். எமரி தேய்த்தபின் குழி தெரிந்தால் அந்த பைப் முழுவதையும் மாற்றுங்கள், ஒட்டு வேலை கூடாது. வண்டியில் சுமைக்கேற்ப பிரேக்கை மாற்றும் வால்வு இருந்தால், பின் ஆக்சிலிலிருந்து வரும் அதன் கம்பி துருவில் இறுகாமல் ஆடுகிறதா என்றும் கையால் அசைத்துப் பாருங்கள்.

இனி தினசரி. ஒவ்வொரு டிரிப் முடிந்ததும் அன்றைக்கே அடியில் தண்ணீர் விட வேண்டும், வேகம் வேண்டாம், அளவு வேண்டும். எந்தத் தண்ணீர் என்பது முக்கியம். கடலோரத்தில் பல போர்த் தண்ணீர் உவர்ப்பு. அதில் கழுவுவது உப்பை உப்பால் கழுவுவது. நாக்கில் கரித்தால் அது ஆகாது. டி.டி.எஸ். மீட்டர் (தண்ணீரில் கரைந்த உப்பின் அளவைக் காட்டும் கருவி) இருந்தால் 1000-க்கு மேல் காட்டும் தண்ணீரைச் சேறு போக்க மட்டும் வைத்துக்கொண்டு, கடைசியில் குழாய்த் தண்ணீர் நான்கைந்து குடம் ஊற்றி முடியுங்கள். அதற்கும் வழியில்லை என்றால், தஞ்சாவூரில் சரக்கை இறக்கியதும் அங்கேயே நல்ல தண்ணீரில் கழுவிவிட்டு வெறும் வண்டியாகத் திரும்புங்கள். திரும்பி வரும் காற்றிலேயே பாதி காய்ந்துவிடும்.

வேலையை ஆடி, ஆவணிக்குள் முடித்துவிடுங்கள். அப்போது வீசும் வறண்ட காற்றில் பிரைமர் நன்றாகப் பிடிக்கும். ஐப்பசி அடைமழையில் அடித்த பெயிண்ட் ஈரத்தின்மேல் அடித்ததுதான். ஈரப்பதம் 85 சதவீதத்துக்கு மேல் இருக்கும் நாளிலும், இரும்பில் பனி வியர்த்திருக்கும் காலை நேரத்திலும் பெயிண்ட் அடிக்கக்கூடாது. பத்து மணி வெயில் ஏறியபின் தொடங்குங்கள். மழைக்காலம் முழுவதும் சணல் மெத்தையைத் திரும்பப் போடாமல், வெறும் ரப்பர் மேட்டோடு ஓட்டுங்கள். தையில் மேட்டைத் தூக்கிப் பார்த்துத் தரை காய்ந்திருந்தால் அதன்பிறகு மெத்தையைப் போடலாம். கேவிட்டி வாக்ஸைக் கதவடியிலும் பின் கிராஸ் மெம்பரிலும் வருஷம் ஒருமுறை, மற்ற இடங்களில் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பியுங்கள்.